பதினோராவது கேள்வி

நவம்பர் 4, திங்கள்

களப்பணி இன்று தொடங்கியது. காலை ஒன்பது மணிக்குத் திண்டுக்கல்லில் உள்ள ஒரு கருத்தரிப்பு மையத்துக்குள் ஆய்வாளனாக நுழைந்தேன். ஒன்பது ஐந்துக்கு, வரவேற்பில் இருந்த ரெஜினா என் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திணித்து, "மாடியில ரெண்டாவது ரூம் சார். உள்ளே தாழ் போட்டுக்குங்க" என்றார்.

நான் சமூகவியல் இணைப் பேராசிரியர் காசிராஜன் என்றும், இனப்பெருக்க, மரபணுத் தொழில்நுட்பங்களை நம் குடும்பங்கள் எப்படி எதிர்கொள்கின்றன என்று ஆறு மாதம் ஆராய வந்திருக்கிறேன் என்றும் விளக்கினேன். ரெஜினா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"வர்றவங்க எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லுவாங்க சார். கூச்சப்படாதீங்க."

தலைமை மருத்துவர் செண்பகவல்லி வந்து என்னை மீட்டார். அவருக்கு என் மேல் மரியாதை உண்டு. 'இம்மாவட்டத்தில் இரத்த உறவுத் திருமணம் நூற்றுக்கு நான்காகக் குறைந்துவிட்டது' என்று நிறுவிய என் கட்டுரையைப் படித்தவர். அதற்காக நான் தயாரித்த பதினேழு கேள்விப் படிவத்தையே இந்த மையத்தில் பதினான்கு மாதமாகப் பயன்படுத்துகிறார்கள். பதினோராவது கேள்விதான் அதன் உயிர்நாடி: 'தங்கள் திருமணம் இரத்த உறவுத் திருமணமா? ஆம் / இல்லை.' ஓர் ஆங்கிலச் சொல் கிடையாது. 'ஆம்' என்பவர்களுக்கு மட்டும் மரபணுச் சோதனை. முன்பு எல்லாருக்கும் செய்தார்களாம். என் கட்டுரைக்குப் பின் தேவையில்லை என்று நிறுத்திவிட்டார்கள். மக்களுக்கு ஊசி வலியைக் குறைத்த சமூகவியலாளர் வேறு யாரும் உண்டா என்று தெரியவில்லை. டிசம்பர் 5 அன்று பேராசிரியர் பதவிக்கான நேர்காணலில் இதைச் சொல்வதாக இருக்கிறேன், அடக்கமாக.

மாலையில், முறைமையின் பொருட்டு, படிவத்தை நானே நிரப்பிப் பார்த்தேன். மூன்று நிமிடம் நாற்பது வினாடி. "என்ன அத்தான், பரீட்சையா?" என்றாள் தமயந்தி. என் மனைவி சார்பதிவாளர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். எந்தப் படிவத்தையும் கெட்டுப்போன சாம்பாரைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பாள்.

நவம்பர் 5, செவ்வாய்

காத்திருப்புக் கூடத்தில் அறுபது நாற்காலிகள். கருவில் பாலினம் கண்டறிவது குற்றம் என்று மூன்று பலகைகள். நான்காவது பலகை, அந்தப் பலகைகளைப் பற்றி ஊழியர்களிடம் சந்தேகம் கேட்க வேண்டாம் என்கிறது.

முதல் குடும்பம் கிடைத்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமம். கணவர் கார்மேகம், முப்பத்துநான்கு வயது, குட்டியானை வண்டியில் தக்காளி ஏற்றுகிறார். மனைவி நாகஜோதி, இருபத்தாறு, அதிகம் பேசுவதில்லை. அந்தக் குறையை நாகஜோதியின் அம்மா பாண்டியம்மா தீர்த்து வைக்கிறார்.

"டேய், எந்திரிச்சு சாருக்கு எடம் விடு" என்று மருமகனை எழுப்பி என்னை உட்கார வைத்தார். "வீட்டம்மா வரலையா சார்?"

"நான் ஆராய்ச்சிக்காக வந்திருக்கேன்மா."

"ஆம்பளைக்குக் குறை இருந்தா என்ன சார், ஊருக்கா சொல்லப்போறோம்? இந்தாங்க, ஆயக்குடி கொய்யா. விதையோட சாப்பிடுங்க, நல்லது."

சாப்பிட்டேன். அவர்கள் படிவத்தைப் பார்த்தேன். பதினோராவது கேள்விக்கு 'இல்லை' என்பதில் இரண்டு முறை டிக் போட்டிருந்தார்கள். பேனா தாளைக் கிழித்திருந்தது. இக்கேள்வியைப் பலரும் சற்றுக் கோபத்தோடுதான் நிரப்புகிறார்கள். விழிப்புணர்வு.

நவம்பர் 6, புதன்

கோட்பாட்டுக் குறிப்பு. பாண்டியம்மா மருமகனை 'டேய்' என்கிறார். இன்று மருமகன் டோக்கனைத் தொலைத்தபோது தலையில் ஒரு குட்டும் வைத்தார். மருமகன் எதிரில் வந்தால் மாமியார் கதவுக்குப் பின்னால் நின்று பேசிய சமூகம் இது. மருமகன் பதிலுக்கு மாமியாரை 'அக்கா' என்று அழைக்கிறார். மாமியாரின் வயதைக் குறைத்து மகிழ்விக்கும் நகர்ப்புற நாகரிகம் கிராமம்வரை பரவிவிட்டதற்கான சான்று. நாகஜோதி மட்டும் கணவரை 'மாமா' என்றே அழைத்து மரபைக் காத்துவருகிறார்.

கட்டுரைத் தலைப்பு: 'மாமியாரின் ஜனநாயகமயமாக்கல்'. பன்னாட்டு இதழுக்கு அனுப்பலாம்.

இன்றும் டப்பா கொடுத்தார்கள். புது ஷிப்டாம்.

நவம்பர் 8, வெள்ளி

துறையில் என் மேசை மேல் ஒரு பொட்டலம். அரைக் கிலோ உலர்ந்த அத்திப்பழம். எதிர் அறை குணசீலன் வைத்தது. அவருடைய மனைவி மையத்தின் வாசலில் என்னைப் பார்த்திருக்கிறார். "ராத்திரி பால்ல ஊறப்போட்டு விடியக்காலம் சாப்பிடுங்க சார். நாப்பத்தெட்டு வயசெல்லாம் ஒரு வயசா" என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். பேராசிரியர் பதவிக்கு அவரும் விண்ணப்பித்திருக்கிறார். நல்ல மனிதர்.

நவம்பர் 11, திங்கள்

மையத்துக்கு எதிர்த் தேநீர்க் கடையில் கார்மேகத்திடம் நேர்காணல்.

அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. படிவத்தில் இல்லை. ஒன்பதாவது கேள்வி 'தற்போது உயிருடன் உள்ள குழந்தைகள்' என்றுதான் கேட்கிறது.

"பொறக்கையில நல்லாத்தான் சார் இருந்துச்சு. நாலாம் மாசம் பால் குடிச்சா வாந்தி. அப்புறம் வலிப்பு வெட்டு வந்துச்சு. தூக்கிட்டு ஓடுனோம். பால் பொரையேறி நெஞ்சுக்குள்ள போயிருச்சுன்னாங்க. அஞ்சு மாசம் முடியல சார். அதுக்கப்புறம் அவளுக்கு டியூப் அடைப்பு. இப்ப உள்ள ஃப்ரீசர்ல எங்களுது அஞ்சு கரு இருக்குது. வர்ற இருபத்தஞ்சாந்தேதி ரெண்டை வைக்கிறாங்க." தேநீரைக் கீழே வைத்தார். "இதுவும் அது மாதிரி ஆச்சுன்னா அவ தாங்க மாட்டா சார். எனக்கு ஒண்ணுமில்ல. அவ தாங்க மாட்டா."

இதற்குப் பின் பதினொரு நிமிடம் பதிவாகவில்லை. ஒலிப்பதிவுச் சாதனத்தில் கோளாறு. நிறுத்தும் பொத்தான் அழுந்தியிருந்தது. என் பெருவிரல் அதன் மேல் இருந்திருக்கிறது.

நவம்பர் 13, புதன்

வீட்டில் பால் பாயசம். ஆண்டுதோறும் இந்தத் தேதியில் தமயந்தி வைப்பாள். நான் காரணம் கேட்பதில்லை. இரண்டு கிண்ணம் சாப்பிட்டு, இனிப்பு சரியாக இருக்கிறது என்று சொல்வேன். பத்தொன்பது முறையும் இனிப்பு சரியாகவே இருந்திருக்கிறது.

நவம்பர் 14, வியாழன்

கருத்தரிப்பு மையத்தில் குழந்தைகள் தினக் கொண்டாட்டம். பலூன் கட்டினார்கள். இதைத் திட்டமிட்டவரை நேர்காண விரும்புகிறேன். பதினொரு மணிக்கு ஒரு பெண்மணி எழுந்து, எல்லாப் பலூனையும் கொண்டை ஊசியால் குத்திவிட்டு, திரும்பவும் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். சிலர் கைதட்டினார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

துணி காயப்போட்டுவிட்டு வந்தபோது, அன்று நான் நிரப்பிய படிவம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. தமயந்தி அதைச் சிவப்பு மையில் திருத்தியிருந்தாள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில், அலுவலக விதிப்படி, சுருக்கொப்பமும் தேதியும்.

"யாரைக் கேட்டு இதுல கை வச்ச?"

"தப்பா எழுதுன பத்திரம் எதிர்ல கெடந்தா என்னால சும்மா இருக்க முடியாது அத்தான்."

"பதினொண்ணுல என்ன தப்பு? 'இல்லை'ன்னு சரியாத்தானே போட்டிருக்கேன்."

"எங்கப்பா உங்களுக்கு யாரு?"

"மாமா."

"பொண்ணு குடுத்ததால மாமாவா, அதுக்கு முன்னாடியே மாமாவா?"

"முன்னாடியேதான். எங்கம்மா கூடப் பொறந்தவர்."

"அப்புறம்?"

"அது முறை தமயந்தி. நீ முறைப்பெண். இரத்த உறவுங்கிறது..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. இருபது ஆண்டு உறவுமுறையியல் பாடம் நடத்தியவனின் வாயிலிருந்து அது பாதி வெளியே வந்து நின்றது. தமயந்தி கொஞ்ச நேரம் அதை அப்படியே நிற்கவிட்டாள்.

"பாத்தீங்களா? எல்லாரும் இப்படித்தான் நெனைப்பாங்க. ரத்த சொந்தம்னா பங்காளி. அண்ணன் தங்கச்சி முறை. அதுக்குள்ள கல்யாணம் பண்ணீங்களான்னு கேட்டா எவன் ஆமான்னு எழுதுவான்? எங்க ஆபீஸ்ல கேட்டிருந்தீங்கன்னா பேப்பர் வெயிட் பறந்து வந்திருக்கும்."

"அப்ப எப்படித்தான் கேக்கணும்?"

"'சொந்தமா, அசலா'ன்னு கேளுங்க. கல்யாண வீட்டுப் பந்தியில அப்படித்தானே கேக்குறாங்க? எல்லாப் பொண்ணும் மாமியாரை அத்தைன்னுதான் கூப்பிடுறா. நிசமாவே அப்பா கூடப் பொறந்த அத்தையா இல்லையான்னு கேட்டாத்தானே தெரியும்?"

ஒன்பதாவது கேள்வியிலும் சிவப்பு மை இருந்தது. நான் எழுதிய பூஜ்யத்தை அடித்து '1' என்று போட்டிருந்தாள். அச்சடித்த கேள்வியிலேயே 'தற்போது உயிருடன் உள்ள' என்ற சொற்களையும் அடித்திருந்தாள். சுருக்கொப்பம், தேதி.

துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். போட்டுப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

நவம்பர் 18, திங்கள்

என் கட்டுரைக்கான படிவத்தை நிரப்பியவர்களில், 'இல்லை' என்று எழுதிய இருபது பேரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஒரே கேள்வி: சொந்தமா, அசலா? எட்டுப் பேர் சொந்தம். ஒருவர் விளக்கமும் தந்தார். "அக்கா மகளைத்தான் சார் கட்டியிருக்கேன். ரத்த சொந்தம்லாம் கெடையாது."

இருபதுக்கு எட்டு என்றால் நூற்றுக்கு நாற்பது. கட்டுரையில் நான்கு. ஒரு பூஜ்யம்தான் விட்டுப்போயிருக்கிறது.

பிற்பகல் மூன்று மணிக்கு, வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தபோது, 'டேய்' நினைவுக்கு வந்தது.

டேய். அக்கா. மாமா. தலையில் ஒரு குட்டு.

'மாமியாரின் ஜனநாயகமயமாக்கல்' கட்டுரையைக் கிழித்துப் போட்டேன்.

கார்மேகம் கட்டியிருப்பது சொந்த அக்கா மகள். இருவரும் சோதனை செய்யப்படவில்லை. செய்ய வேண்டாம் என்று சொன்னது என் படிவம். ஐந்து மாதத்தில் ஒரு குழந்தை போயிருக்கிறது. அடுத்த திங்களன்று கரு வைக்கிறார்கள்.

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு அவசர மின்னஞ்சல் அனுப்பினேன். விதி ஏழின்படி, நேர்காணலில் அறிந்ததை ஆய்வாளர் மருத்துவமனைக்குச் சொல்லக் கூடாது, சிகிச்சையில் தலையிடவும் கூடாது. கறாரான விதி. மூன்று பேர் கொண்ட துணைக்குழு எழுதியது. அந்த மூவரில் நான் ஒருவன்.

நவம்பர் 20, புதன்

நெறிமுறைக் குழுவின் பதில்: 'தங்கள் கோரிக்கை டிசம்பர் 3 கூட்டத்தில் பரிசீலிக்கப்படும். ஆறு நகல்கள் இணைக்கவும்.'

தமயந்தியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இருபத்தஞ்சாந்தேதி வச்சுட்டா?"

"வச்சுட்டா பத்து மாசம். பொறக்கும்."

"அப்புறம்?"

"எப்பவும் அப்படி ஆகணும்னு இல்ல. நாலுல ஒண்ணுதான் வாய்ப்பு. பொறக்கும்போது நல்லாத்தான் இருக்கும்."

"அப்புறம்?"

நான் ஒரு கீரைத் தண்டை எடுத்து ஒடித்தேன்.

"பதினோரு மாசம்" என்றாள் கீரையைப் பார்த்தபடி. "அவங்களுக்கு அஞ்சு. நமக்குப் பதினொண்ணு."

நவம்பர் 21, வியாழன்

கூடத்தில் பாண்டியம்மாவுக்கும் கார்மேகத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். நாகஜோதி ஸ்கேனுக்குப் போயிருந்தாள்.

"அம்மா, இது சொந்தத்துல செஞ்ச கல்யாணமா, அசலா?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? இவன் என் கூடப் பொறந்த கடைசித் தம்பி. இடுப்புல தூக்கி வளத்தவ நான். பொண்ணை வெளியில குடுக்க மனசு வருமா?"

"அப்ப ஃபார்ம்ல 'இல்லை'ன்னு..."

"ரத்த சொந்தம் இல்லையே சார்" என்றார் கார்மேகம். "அக்கா மகதானே."

"ரத்த சொந்தத்துல எவனாச்சும் கட்டுவானா?" என்று பாண்டியம்மா குரலை உயர்த்தினார். பக்கத்து நாற்காலிகள் திரும்பின. "அதைப் படிச்சப்பவே கிழிச்சுப் போடலாம்னு வந்துச்சு. படிச்சவன் கேக்குற கேள்வியா அது?"

"படிச்சவன் மட்டுந்தாம்மா கேப்பான்" என்றேன். "எழுதுனது நான்தான்."

எழுந்து மருத்துவர் அறைக்குப் போனேன். நேர்காணலில் அறிந்ததைச் சொல்லக் கூடாது என்கிறது விதி ஏழு. தான் எழுதிய கேள்வி தவறு என்று ஆய்வாளர் ஒப்புக்கொள்வதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு நிலை வரும் என்று எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை.

மருத்துவர் செண்பகவல்லி கடைசிவரை கேட்டார்.

"நூத்துக்கு நாலுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சு டாக்டர்."

"பதினாலு மாசம் சார். முன்னூத்திச் சொச்சம் ஃபைல்." கண்ணாடியைக் கழற்றினார். என்னைத் தெளிவாகப் பார்க்க விரும்பவில்லை என்று நினைக்கிறேன். "கரு வச்சு அனுப்புனவங்களையும் திரும்பக் கூப்பிடணும். இதை எழுத்துல குடுப்பீங்களா?"

"குடுப்பேன்."

"ஏதோ இன்டர்வியூ இருக்குன்னீங்களே?"

"இருக்கு."

அவர் தொலைபேசியை எடுத்து, இருபத்தைந்தாம் தேதிப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிக்கச் சொன்னார். பிறகு என்னை விட்டுவிட்டு, தன்னையே திட்டிக்கொள்வது போல, "நானாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார்.

நவம்பர் 22, வெள்ளி

கரு வைப்பதைத் தள்ளிப்போட்ட செய்தியை அவர்களுக்குச் சொன்ன நாள். மருத்துவர் விளக்கினார், நான் உடனிருந்தேன். இருந்திருக்க வேண்டியதில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் இரத்தம் எடுத்து, நீங்க கேரியரான்னு பாக்கணும்" என்றார் மருத்துவர்.

"கேரியர் கொண்டாரலைங்க" என்றார் பாண்டியம்மா. "இங்க வந்தா ஓட்டல் சாப்பாடுதான்."

உதவலாம் என்று, "அதாவது கடத்துநர்" என்றேன். 'நோயை அடுத்த தலைமுறைக்குக் கடத்துபவர்' என்பது நானே உருவாக்கிய கலைச்சொல்.

கார்மேகம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சார், நான் தக்காளி ஏத்துறவன். மணல் பக்கம் போனதே இல்ல. யாரு என்ன சொன்னா உங்ககிட்ட?"

மருத்துவர் என்னைப் பார்த்த பார்வையில், ஆறு மாத ஆய்வு ஆறு வாரத்தில் முடிந்துவிடும் போலிருந்தது.

அப்போதுதான் நாகஜோதி பேசினாள். மூன்று வாரத்தில் அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது.

"அப்ப என் புள்ள நான் படுத்துக்கிட்டே பால் குடுத்ததால சாகலையா சார்?"

அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக.

"தெரியலைம்மா. அதைத்தான் பாக்கப் போறாங்க" என்றேன். இந்த ஆய்வில் நான் தந்த முதல் சரியான பதில்.

வீட்டில் தமயந்தியிடம் கலைச்சொல் சிக்கலைச் சொன்னேன். கடத்துநர் கதைக்குச் சிரித்து, புரையேறி, தண்ணீர் குடித்துவிட்டு, "வில்லங்கம்னு சொல்லுங்க அத்தான்" என்றாள். "எடத்தைப் பாத்தா நல்லாத்தான் இருக்கும். சர்டிபிகேட் போட்டுப் பாத்தாத்தானே உள்ள வில்லங்கம் இருக்குறது தெரியும்? ஒரே தாத்தா சொத்து ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு போயி திரும்ப ஒண்ணு சேருதுன்னா, ரெண்டு பக்கமும் போட்டுப் பாத்துட்டுத்தான் பதியணும். அவ்வளவுதான்."

மரபணுவியலில் நான் படித்த எல்லா நூல்களையும் விட இது தெளிவாக இருந்தது. மருத்துவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வந்தது. மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 25, திங்கள்

கரு வைக்கவில்லை. இரண்டு பேருக்கும் இரத்தம் எடுத்தார்கள்.

கட்டுரை வெளியிட்ட இதழுக்குக் கடிதம் அனுப்பினேன். 'பதினோராவது கேள்வியைப் பதில் தந்தவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள். எழுதியவர் புரிந்துகொள்ளவில்லை. முடிவுகளைத் திரும்பப் பெறுகிறேன்.' அனுப்பும்வரை நான்கு முறை 'ஓரளவு' என்ற சொல்லைச் சேர்த்து நான்கு முறை எடுத்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

நெறிமுறைக் குழு கூடியது. நான் விதி ஏழை மீறியதாக எழுத்துபூர்வ எச்சரிக்கை. விதி ஏழைத் திருத்தி எழுத மூன்று பேர் கொண்ட துணைக்குழு. அந்த மூவரில் நான் ஒருவன்.

டிசம்பர் 5, வியாழன்

நேர்காணல். "உங்களோட முக்கியமான பங்களிப்புன்னு எதைச் சொல்லுவீங்க?" என்று தலைவர் கேட்டார். "ஒரு கேள்வியை வாபஸ் வாங்கினது" என்றேன். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

பதவி குணசீலனுக்கு. மிச்சமிருந்த அத்திப்பழத்தைக் கொடுத்து வாழ்த்தினேன்.

டிசம்பர் 27, வெள்ளி

சோதனை முடிவு வந்தது. இரண்டு பக்கமும் ஒரே வில்லங்கம். மருத்துவர் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார். உணவில் உள்ள ஒரு சத்தை உடைக்க முடியாமல் இரத்தத்தில் நஞ்சாகச் சேரும் குறை. பெயர் ஒன்றரை வரி நீளம்.

"படுத்துக் குடுத்தாலும் உக்காந்து குடுத்தாலும் இது வந்திருக்கும்மா" என்று மருத்துவர் நாகஜோதியிடம் சொன்னார். அவள் அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். எழுதியதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். ஊரில் யாருக்கெல்லாம் அதைக் காட்டப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. நீளமான பட்டியலாக இருக்கும்.

பாண்டியம்மா தம்பியின் தலையில் கை வைத்தார். "கட்டி வச்சவ நான்தான்டா" என்றார்.

"விடுக்கா" என்றார் கார்மேகம். "நீ கட்டி வைக்கலைன்னா நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்."

நாகஜோதி சிரித்தாள். பல் வரிசை நன்றாக இருக்கிறது. இதற்கு முன் பார்க்க வாய்ப்பில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

ஐந்து கருவையும் சோதித்துவிட்டார்கள். ஒன்றில் நோய். இரண்டில் வில்லங்கம் பெற்றோருக்கு இருப்பது போல ஒளிந்திருக்கிறது, தொந்தரவில்லை. இரண்டு சுத்தம். பதினேழாம் தேதி கரு வைக்கிறார்கள்.

"அது ரெண்டும் ஆணா பொண்ணா?" என்று பாண்டியம்மா என்னிடம் இரகசியமாகக் கேட்டார். மூன்று பலகைகளையும் காட்டினேன். "எழுதத்தான் செஞ்சிருக்கு. உங்ககிட்ட தனியாச் சொல்ல மாட்டாங்களா?" என்றார். நான்காவது பலகையைக் காட்டினேன்.

புதிய படிவம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பதினோராவது கேள்வி: 'சொந்தமா? அசலா?' ஒரு சிக்கல்தான். புதிதாகச் சேர்ந்த எழுத்தர், 'அசல்' என்று டிக் போட்டவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி, அசல் எங்கே, நகல்தானே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று பேர் குடும்ப அட்டையின் அசலை எடுக்க ஊருக்குப் போய்விட்டார்கள். புதிய கட்டுரைக்குப் பொருள் கிடைத்தது. எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 12, புதன்

தமயந்தி விடுப்பு எடுத்திருந்தாள். காரணம் சொல்லாமல் விடுப்பு எடுப்பவள் அல்ல.

"இன்னைக்கு உங்க ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன். ரெண்டு பேரும் ரத்தம் குடுத்துட்டு வந்துருவோம்."

"இனிமே எதுக்கு தமயந்தி? உனக்கு நாப்பத்து நாலு."

"புள்ளை பெத்துக்கவா போறேன்? பேரு தெரியணும் அத்தான்."

"யாரோட பேரு?"

"அவனைத் தூக்கிட்டுப் போனதோட பேரு. அந்தப் பொண்ணு எழுதி வாங்கிட்டுப் போனான்னு சொன்னீங்கல்ல. எனக்கும் ஒரு தாளு வேணும்."

போனோம். ரெஜினா எங்கள் இருவரையும் பார்த்தார். முகம் மலர்ந்தது. எழுந்து வந்து தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சார் மூணு மாசமா தனியாவே வந்துட்டிருந்தார்மா. நீங்க வந்ததே பெரிய தைரியம்" என்றார். பிறகு என்னிடம் டப்பாவை நீட்டினார்.

தமயந்தி டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அறுபது நாற்காலியும் திரும்பும்படி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு நாளாயிற்று. எத்தனை நாள் என்று கணக்கிட முடியும்.

படிவம் கொடுத்தார்கள். நான் நிரப்பினேன், அவள் மேற்பார்த்தாள். பதினோராவது கேள்வி: சொந்தம். ஒன்பதாவது கேள்வி, தமயந்தி சொன்ன திருத்தத்தின்படி, இப்போது 'பிறந்த குழந்தைகள், பெயருடன்' என்று இருக்கிறது. எண்ணிக்கை ஒன்று என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. மை தீர்ந்துவிட்டதோ என்று உதறிப் பார்த்தேன். அவள் தன் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துத் தந்தாள்.

நன்மாறன்.

பதினேழு கேள்விகள். முப்பத்தெட்டு நிமிடம். இந்தப் படிவத்தை நிரப்ப நான்கு நிமிடம் போதும் என்று என் ஆய்வறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறேன். திருத்த வேண்டும்.